பச்சை ஓட்டியவள்

எங்கள் கல்லூரிக்கு இணையவழிப் படிப்பில் முதலிடம் வாங்கிக் கொடுத்தவள் நான். அதே கையால் என் சொந்த அண்ணியை இரண்டு தடவை பரீட்சையில் கவிழ்த்தவளும் நான்தான். முதலாவதற்குக் கேடயம் கொடுத்தார்கள். இரண்டாவதற்கு அண்ணி கொடுத்தாள், அதைப் பிறகு சொல்கிறேன்.

கல்லூரி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். பஸ் போகிற சாலை முடியும் இடத்தில், மலைச்சரிவை வெட்டிக் கட்டிய மூன்று கட்டடங்கள். காலையில் ஒரு பஸ், மாலையில் ஒரு பஸ். போனில் நெட் கிடைக்க வேண்டுமானால் தண்ணீர்த் தொட்டியை ஒட்டிய படிக்கட்டில் ஏறி நிற்க வேண்டும். காதலிக்கிறவர்களும் பிரின்சிபாலும் அதே படிக்கட்டுக்குத்தான் வந்தாக வேண்டும் என்பதால் அங்கே எப்போதும் ஒரு சங்கடம் நிலவும்.

நான் கம்ப்யூட்டர் அறைப் பொறுப்பாளர். இருபத்திரண்டு கம்ப்யூட்டர், பன்னிரண்டு வருட அனுபவம். மாணவர்களுக்கு நான் கம்ப்யூட்டரம்மா. வீட்டில், முப்பத்துநாலு வயதிலும், பாப்பா.

நான்கு வருடங்களுக்கு முன் பல்கலைக்கழகம் ஒரு புது ஏற்பாடு கொண்டுவந்தது. ஒவ்வொரு பாடத்துக்கும் நாற்பது மணி நேரத்துக்கு மேல் வீடியோ. எங்கோ ஒரு நகரத்தில் கோட்டுப் போட்ட பேராசிரியர் ஒருவர் பலகை முன் நின்று பேசுவார். மாணவர் தன் பெயரில் உள்ளே நுழைந்து பார்க்க வேண்டும். பார்க்கப் பார்க்க அவர் பெயருக்குக் கீழே ஒரு பச்சைக் கோடு நீளும். கோடு முக்கால்வாசி நீண்டால்தான் ஹால் டிக்கெட்.

எங்கள் மாணவர்கள் வீட்டில் அந்த வீடியோ ஓடவே ஓடாது. சுற்றிக்கொண்டே இருக்கும். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது அறை வாசலில் வந்து நின்று அழுதார்கள். என் மனசு இளகிவிட்டது, இளகியிருக்கக் கூடாது. ஒரு நீள நோட்டில் எல்லோருடைய பாஸ்வேர்டையும் எழுதி வாங்கிக்கொண்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு இருபத்திரண்டு கம்ப்யூட்டரிலும் வீடியோவை ஓடவிட்டு, சத்தத்தை மட்டும் அடைத்துவிடுவேன். இருபத்திரண்டு பேராசிரியர்கள் வாயை வாயை அசைப்பார்கள். நான் பாட்டுக்கு நடுவில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுவேன்.

இதற்கு எங்களிடையே ஒரு பெயரே வந்துவிட்டது. பச்சை ஓட்டுவது. "அக்கா, என்னோடது பாதியிலயே நிக்குது, கொஞ்சம் ஓட்டி விடுங்களேன்" என்பார்கள், ஏதோ சைக்கிளை ஓரம் கட்டச் சொல்வது போல. நானும் ஓட்டிவிட்டேன். மூன்றாவது வருடம் பல்கலைக்கழகம் எல்லாக் கல்லூரிகளையும் அலசிப் பார்த்து, பயன்பாடு தொண்ணூற்றெட்டு சதவீதம் என்று எங்களுக்குக் கேடயம் அனுப்பியது. மீதி இரண்டு சதவீதம் பாஸ்வேர்டை மறந்துபோனவர்கள். பிரின்சிபால் மேடம் கேடயத்தைத் தன் நாற்காலிக்கு நேர் மேலே மாட்டிக்கொண்டார்.

இனி அண்ணி. கல்யாணத்துக்காகப் படிப்பைப் பாதியில் விட்டவள். மகள் எட்டாம் வகுப்புக்குப் போன அன்று, "நானும் போறேன்" என்று எங்கள் கல்லூரியிலேயே வந்து சேர்ந்தாள். வேலைக்குப் போகிறவர்களுக்கான பிரிவு அது. சனிக்கிழமை மட்டும் வகுப்பு, மற்றதெல்லாம் வீடியோ. காலை எட்டு முதல் ஐந்து வரை அவளுக்குப் பழம் பேக்கிங் ஷெட்டில் வேலை. ஷெட்டில் தரம் பார்க்கிற மேஜைக்குப் போக வேண்டுமானால் பட்டம் வேண்டும். ஆனால் அவள் படித்தது அந்த மேஜைக்காக மட்டும் இல்லை. ஒருமுறை பாதியில் விட்டதை இன்னொரு முறையும் பாதியில் விடக் கூடாது என்று அவளுக்கு ஒரு வைராக்கியம்.

புத்தகத்தை வைத்தே மற்ற எல்லாத் தாள்களிலும் தேறிவிட்டாள். புள்ளியியல் மட்டும் மசியவில்லை. இரண்டு தடவை போனது. வீடியோ பார்க்க வசதியில்லாத மாணவர்களுக்குப் பல்கலைக்கழகம் கூடுதல் வாய்ப்புக் கொடுக்கும் என்று கேள்விப்பட்டு அவளே மனு எழுதிப் போட்டாள். பதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் சமையலறை மேஜையில் பிரிக்கப்பட்டது. முந்தின நாள் கல்லூரியிலிருந்து அதைக் கொண்டுவந்து கொடுத்ததே நான்தான்.

அண்ணன் சத்தமாகப் படித்தான். "தாங்கள் நாற்பத்திரண்டு மணி பத்து நிமிடம் பாடங்களை முழுமையாகப் பார்த்து முடித்திருப்பதாகப் பதிவு காட்டுகிறது. ஆகவே மனு நிராகரிக்கப்படுகிறது. வரும் தேர்வே தங்களுக்குக் கடைசி வாய்ப்பு. அதில் தேறாவிட்டால் சேர்க்கை ரத்தாகும்."

"நாப்பத்திரண்டு மணி நேரமா? நான் நாலு நிமிஷம்கூட முழுசா பாத்ததில்லையே" என்றாள் அண்ணி. பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"நான்தான் அண்ணி ஓட்டினேன். ஹால் டிக்கெட் வரணுமேன்னு..."

"ஹால் டிக்கெட்டுக்கு நீ ஏதோ பண்றன்னு தெரியும். நான் உக்காந்து படிச்சேன்னு நீ சாட்சிக் கையெழுத்துப் போட்டுட்டு இருந்தன்னு தெரியாதே."

அவ்வளவுதான் சொன்னாள். அதன்பிறகு ஒன்பது நாள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரே வீடு, ஒரே அடுப்பு. "பாப்பா டீ குடிச்சாச்சான்னு கேளுங்க" என்று அண்ணனிடம் சொல்வாள். அண்ணன் என்னைப் பார்ப்பான், நான் அவளுக்குக் கேட்கிற மாதிரி அவனிடமே பதில் சொல்வேன். லாரி ஓட்டுகிறவன், ஹாரன் சத்தத்துக்கே அசராதவன், இந்த மௌனத்தில் பாதி இளைத்துவிட்டான்.

பத்தாவது நாள் வரை சும்மா இருக்க எனக்கு மானம் இல்லாமல் போய்விடவில்லை. இரண்டாம் நாளே புள்ளியியல் ஆசிரியரைப் பார்க்கப் போனேன். மழை, பஸ் தாமதம், சாக்பீஸ் செலவு என்று எதற்கெடுத்தாலும் சராசரி சொல்வார் என்பதால் அவருக்குச் சராசரி சார் என்று பெயர். வீடியோ வந்த பிறகு அவரைப் பாடம் நடத்தச் சொல்ல ஆளில்லை. சனிக்கிழமைகளில் வருகைப் பதிவேட்டில் டிக் அடிப்பதுதான் வேலை.

நான் கதையைச் சொல்லி முடித்ததும் அவர் ஒரு தாளை எடுத்து இரண்டு எண்களை எழுதினார். "பயன்பாடு தொண்ணூத்தெட்டு சதவீதம். உங்க அண்ணி வகுப்புல போன தடவை புள்ளியியல் எழுதினது நாப்பத்தேழு பேர், பாஸ் ஆறு பேர், மீதி நாப்பத்தொரு பேர் பெயில். ரெண்டையும் ஒரே தாள்ல யாராவது எழுதிப் பாத்தாங்களா?"

"தெரிஞ்சுமா சார் வாய மூடிட்டு இருந்தீங்க?"

"என்னை யாரு கேட்டா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார் மீது என்றுதான் தெரியவில்லை. "இப்ப நான் கேக்குறேன் சார். நாலு மாசம் இருக்கு. எங்க அண்ணிக்குப் புரிய வைக்கணும். என்ன பண்ணலாம்?"

"அவங்க நாள் முழுக்க எங்க இருப்பாங்களோ அங்க பாடம் போகணும்" என்றார். சொல்வது சுலபம்.

அவள் எங்கே இருப்பாள் என்று பார்க்க ஒருநாள் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டு ஷெட்டுக்குப் போனேன். நீளமான தகரக் கூரை, வரிசையாக மேஜைகள். முப்பது நாற்பது பெண்கள் பழத்தை எடுப்பதும் திருப்பிப் பார்ப்பதும் தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவதுமாக இருந்தார்கள். அண்ணி என்னைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தாள். கை ஒரு நொடி ஓயவில்லை, கண்ணும் பழத்தை விட்டு நகரவில்லை. ஆனால் மேஜைக்கு நடுவில் ஒரு ரேடியோ பேசிக்கொண்டிருந்தது. அத்தனை பேரும் அதைக் கேட்டுக்கொண்டு, அறிவிப்பாளரைக் கிண்டல் அடித்துக்கொண்டு வேலை செய்தார்கள். அவர்கள் காது சும்மாதான் இருந்தது. நாங்கள் இவ்வளவு நாளும் கண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"புள்ளியியலைக் காதுல கேக்குறதா? அட்டவணை இருக்கு, படம் இருக்கு. கம்ப்யூட்டரம்மா, இது நடக்கிற காரியமா?" என்றார் சராசரி சார். இருந்தாலும் அன்றே ஒரு பாடத்தைப் பதிவு செய்து கொடுத்தார். முக்கால் மணி நேரம். அதை அண்ணனின் போனில் ஏற்றி, அவன் மூலமாக அண்ணியிடம் சேர்த்தேன். அவளும் அவன் மூலமாகவே தீர்ப்பு அனுப்பினாள்.

"'இங்கே பாருங்கள், இங்கே பாருங்கள்'னு இருபது தடவை சொல்றாராம். எங்க பாக்குறதுன்னு கேக்கச் சொன்னா."

சாரிடம் இதை அப்படியே சொன்னேன். முகம் சிவந்துவிட்டது. இரண்டு நாள் என் பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள் தானாகவே ஷெட்டுக்குப் போய் ஒரு மணி நேரம் சுவரோரம் நின்று பார்த்துவிட்டு வந்து, மறுபடி பதிவு செய்தார். இந்த முறை ஒன்பதே நிமிடம். "கையில ஒரு பழம் இருக்கு இல்லையா? அதோட எடையை மனசுல வச்சுக்கங்க. இப்ப பக்கத்துப் பெட்டியில இருக்கிறத எடுங்க" என்று ஆரம்பித்தது பாடம். கேட்டபோது எனக்கே புரிந்தது. கணக்கென்றால் காத தூரம் ஓடுகிறவள் நான்.

அன்று மாலை அண்ணி வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே என் முன்னால் வந்து நின்றாள். ஒன்பது நாள் மௌனம் உடைந்தது.

"பாப்பா, பாடம் நல்லா இருக்கு. கடைசியில ஒரு கேள்வி கேட்டாரு. எனக்கு ஒரு பதில் தோணுச்சு. அது சரியா தப்பான்னு யாரு சொல்லுவா?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டு, "நெட் இருந்தா அனுப்பலாம் அண்ணி. ஷெட்டுல போன் அடிக்க மட்டும்தானே சிக்னல் வருது" என்றேன்.

"அப்ப போன் அடிக்கிறோம். உங்க அண்ணனுக்கு நாப்பது வயசு. லாரி கிளம்பினா ஒரு மிஸ்டு கால், போய்ச் சேந்தா ரெண்டு. இன்னிக்கு வரைக்கும் மிஸ்டு கால்லயேதான் குடும்பம் நடத்துறாரு. ஒரு பதில் சொல்லவா முடியாது?"

அந்த இடத்தில்தான் எங்கள் கல்லூரியின் இணையவழிப் படிப்பு உண்மையில் ஆரம்பித்தது என்பேன். பாடத்துக்கு ஒரு கேள்வி, கேள்விக்கு நான்கு பதில். நான்கு பழைய பட்டன் போன்களைத் தேடிப் பிடித்து, முதுகில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எழுதி, கம்ப்யூட்டர் அறை மேஜையில் வரிசையாக வைத்தேன். எது சரி என்று தோன்றுகிறதோ அந்த எண் போனுக்கு ஒரு மிஸ்டு கால். யார் அடித்தார்கள் என்று போனே சொல்லிவிடும். எந்தப் பதிலுக்கு எத்தனை பேர் என்று சராசரி சார் அட்டவணை போடுவார். தவறு அதிகமானால் மறுநாள் அதே பாடத்தை வேறு மாதிரி சொல்வார். பாடமும் ஊர் ஊராகப் போனது. காலையில் பஸ்ஸிலிருந்து இறங்குகிற முதல் ஆளின் போனில் நான் ஏற்றிவிடுவேன். மாலை பஸ்ஸில் ஒரு போனிலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி, கடைசி நிறுத்தத்துக்குள் எல்லோரிடமும் இருக்கும்.

சராசரி சார் பத்து வயது குறைந்துபோனார். பாடம் பதிவு செய்கிற நாளில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தார். குரல்தானே போகிறது, சட்டை எதற்கு என்று நான் கேட்கவில்லை.

ஆனால் ஒரு முடிச்சு அவிழாமலேயே இருந்தது. ஹால் டிக்கெட் வேண்டுமானால் ஒவ்வொரு பருவமும் புதிதாகப் பச்சைக் கோடு வேண்டும். யாரும் வீடியோவைத் தொடவில்லை. நானும் ஓட்டுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தேன். அண்ணியின் கோடு வெறும் வெள்ளையாகக் கிடந்தது. பரீட்சைக்கு ஆறு வாரம்தான் இருந்தது. அவள் எவ்வளவு படித்தாலும் அறைக்குள்ளேயே விடமாட்டார்கள்.

பிரின்சிபால் மேடத்திடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நோட்டையும் மேஜையில் வைத்தேன். அவர் நோட்டைப் புரட்டினார், தலைக்கு மேலே இருந்த கேடயத்தை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார்.

"இத நான் கேக்காமலே இருந்திருக்கலாம். இப்ப கேட்டுட்டேன்" என்றார். பிறகு, "அடுத்த வாரம் பல்கலைக்கழகத்துல இருந்து ஆய்வுக்கு வர்றாங்க. நம்மைப் பாராட்டத்தான் வர்றாங்க. என்ன சொல்லட்டும்?"

"உண்மையைச் சொல்லுங்க மேடம். மெமோ வந்தா எனக்கு வரட்டும்."

"உனக்கு மட்டுமா வரும்? சரி, போ. அந்த நாலு போனையும் சார்ஜ்ல போட்டு வை."

ஆய்வாளர் காலை பஸ்ஸில் வந்து இறங்கினார். பழைய சூட்கேஸ், புது ஷூ, முகத்தில் முன்கூட்டியே ஒரு பாராட்டுப் புன்னகை. கம்ப்யூட்டர் அறைக்கு வந்து திரையைப் பார்த்ததும் புன்னகை காணாமல் போனது. "தொண்ணூத்தெட்டா இருந்தது இந்தப் பருவத்துல ஏழுக்கு வந்திருக்கு. என்ன மேடம் இது?"

பிரின்சிபால் மேடம் மென்று விழுங்கவில்லை. அந்தத் தொண்ணூற்றெட்டு எப்படி வந்தது என்று நேராகச் சொன்னார். நான் நோட்டை நீட்டினேன். ஆய்வாளர் அதைப் பாம்பைத் தொடுவது போலத் தொட்டார்.

"பச்சைக் கோடு பொய்னு நீங்களே சொல்றீங்க. இப்ப மட்டும் படிக்கிறாங்கன்னு நான் எதை வச்சு நம்புறது?"

"பன்னெண்டரை ஆகட்டும் சார்" என்றார் சராசரி சார். "ஷெட்டுல, கடையில, பட்டறையில எல்லாம் அப்பதான் இடைவேளை."

அன்றைய கேள்வி இது. பதினோரு பெட்டிகளை எடை வரிசையில் அடுக்கி வைத்திருக்கிறோம். கடைசியில் இருக்கும் கனமான பெட்டியில் இன்னும் கொஞ்சம் பழத்தைத் திணிக்கிறோம். எது மாறாது? ஒன்று, சராசரி. இரண்டு, மொத்த எடை. மூன்று, இடைநிலை, அதாவது வரிசையின் நடுவில் நிற்கும் எடை. நான்கு, வீச்சு, அதாவது கனமானதற்கும் லேசானதற்கும் உள்ள வித்தியாசம். சரியான விடை மூன்று.

பன்னிரண்டு முப்பத்தொன்றுக்கு முதல் போன் ஒரு தடவை அடித்து அடங்கியது. பிறகு மூன்றாவது. மறுபடி முதலாவது. அதன்பின் நிறுத்தமே இல்லை. நான்கு போனும் மேஜையில் துடித்துத் துடித்து நகர்ந்தன. ஒன்று விளிம்புக்கே வந்துவிட்டது, ஆய்வாளரே கையை நீட்டிப் பிடித்து உள்ளே தள்ளினார். ஐந்து நிமிடத்தில் ஓய்ந்தது. சராசரி சார் எண்ணிப் பார்த்துவிட்டு ஒரு கூச்சல் போட்டார்.

"தப்பு சார்! பாதிக்கு மேல தப்பு! முதல் போனுக்கு அடிச்சிருக்காங்க!"

"அதுல உங்களுக்கு என்ன இவ்வளவு சந்தோஷம்?" என்றார் ஆய்வாளர்.

"சராசரி சராசரின்னு நான் ஒரு மாசமா அடிச்ச அடியில, எதைக் கேட்டாலும் சராசரிதான் பதில்னு நினைச்சுட்டாங்க. தப்பு அவங்களோடது இல்ல, என்னோடது. இன்னிக்கே திருத்திடுவேன். அந்தப் பச்சைக் கோடு நாலு வருஷத்துல ஒரு தடவை இத எனக்குச் சொல்லியிருக்குமா?"

முதல் போனின் பட்டியலில் அண்ணியின் எண்ணும் இருந்தது. ஆய்வாளர் வேறொன்றைக் கவனித்துக்கொண்டிருந்தார். போன்களை ஒவ்வொன்றாக எடுத்து எண்ணினார். "வகுப்புல நாப்பத்தொரு பேர். வந்த கால் ஐம்பத்தேழு. கணக்கு இடிக்குதே. இதையும் யாராவது ஓட்டுறீங்களா?"

எனக்கும் ஒன்றும் புரியவில்லை. பட்டியலில் இருந்த பதினாறு எண்கள் எங்கள் மாணவர்களுடையவை அல்ல. சராசரி சார் அதில் ஒரு எண்ணுக்கே போன் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தினார்.

"ஹலோ, யாரும்மா பேசறது?"

"ஐயோ, அந்தப் பாடம் சொல்ற சாரா? நான் ஸ்டூடண்ட் இல்ல சார். ஷெட்டுல பக்கத்து மேஜையில நிக்கிறேன். தினமும் இவங்க போன்ல போடுறாங்க, கூடவே கேட்டுக்கிட்டு இருந்தோம். இன்னிக்குப் பதில் தெரிஞ்ச மாதிரி இருந்துச்சு, அடிச்சுப் பாப்போமேன்னு ஆளாளுக்கு அடிச்சுட்டோம். தப்புங்களா?"

"தப்பே இல்லம்மா. நீங்க எந்த போனுக்கு அடிச்சீங்க?"

"மூணுக்கு சார். கடைசிப் பெட்டியில எவ்வளவு திணிச்சாலும் நடுவுல இருக்கிற பெட்டிக்கு என்ன ஆகப்போகுது?"

"சரியான விடை."

அந்தப் பக்கம் தகரக் கூரை பறந்துபோகிற மாதிரி ஒரு ஆரவாரம். அதற்கு நடுவில் எனக்குத் தெரிந்த குரல் ஒன்று தெளிவாகக் கேட்டது. "அடச்சே, நான் ஒண்ணுன்னு அடிச்சுத் தொலைச்சேனே! சார், அத மறுபடி சொல்லுங்க சார்!" அது அண்ணி.

ஆய்வாளர் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "முப்பது கல்லூரி பாத்துட்டேன். பாடத்தை மறுபடி சொல்லுங்கன்னு ஒரு ஆள் கேட்டு இப்பதான் கேக்குறேன்" என்றார். சூட்கேஸைத் திறந்து தாளை எடுத்தார். இந்தப் பிரிவுக்கு இந்தப் பருவத்தில் ஒலிப்பாடமே பாடம், மிஸ்டு கால் பட்டியலே வருகை, ஹால் டிக்கெட் கொடுக்கலாம் என்று அங்கேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். பிரின்சிபால் மேடம் கேடயத்தைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் முன் வைத்தார். அவர் அதை எடுத்துக்கொண்டார். எனக்கு மெமோவும் எழுதினார், அதில் அவர் தயவு தாட்சண்யம் பார்க்கவில்லை. பன்னிரண்டு வருடத்தில் முதல் மெமோ. வாங்கும்போது எனக்குச் சிரிப்புதான் வந்தது.

பரீட்சை எங்கள் கம்ப்யூட்டர் அறையிலேயே, காலையில் பாதிப் பேர், மத்தியானம் பாதிப் பேர் என்று நடந்தது. திரையில் கேள்வி, முடித்து அழுத்தினால் உடனே மதிப்பெண். பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு மேற்பார்வையாளர் வந்திருந்தார். நான் வாசல் மேஜையில், கையெழுத்து வாங்கும் பதிவேட்டோடு. நான் பரீட்சை எழுதுகிறவரின் உறவுக்காரி என்பதால் அந்த மேஜையைத் தாண்டி ஒரு அடி வைக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டார்.

அண்ணிக்குக் கிடைத்தது மத்தியானம், ஏழாவது கம்ப்யூட்டர். எனக்கு அவளுடைய முதுகு மட்டும் தெரிந்தது. ஷெட்டில் அரை நாள் லீவு கேட்டு வந்திருந்தாள். முதல் அரை மணி நேரம் அவள் வலது கை அந்தரத்தில் எதையோ எடுப்பதும் வைப்பதுமாக இருந்தது. மேற்பார்வையாளர் சந்தேகத்தோடு இரண்டு முறை பக்கத்தில் போய் நின்று பார்த்தார். இல்லாத பழங்களை எடை போட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மற்றவர்கள் ஒவ்வொருவராக முடித்து எழுந்தார்கள். மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர் ஐம்பத்தெட்டு. தையல்கடைக்கார அம்மா அறுபத்து மூன்று. பஸ் கண்டக்டர் நாற்பத்து நான்கு, தேற நாற்பது போதும். கையெழுத்துப் போட வரும்போது ஒவ்வொருவரும் என் காதில் கிசுகிசுத்துவிட்டுப் போனார்கள். அன்று மாலை எண்ணிப் பார்த்தபோது நாற்பத்தொரு பேரில் முப்பத்துநான்கு பேர் தேறியிருந்தார்கள். வாசலுக்கு வெளியே சராசரி சார் இஸ்திரி போட்ட சட்டையில் நடையாய் நடந்துகொண்டிருந்தார். உள்ளே அண்ணியோடு சேர்த்து நான்கு பேர்தான் மிச்சம். பத்து நிமிடம் இருந்தது. ஐந்து நிமிடம். நான் நாற்காலியின் கைப்பிடியைப் பிய்த்துவிடுவேன் போலிருந்தது. இவள் தோற்றால் அது என் கையால் நடந்தது. ஆயுசுக்கும் என்னால் அந்த அடுப்படியில் நிமிர்ந்து நிற்க முடியாது.

அவள் அழுத்தினாள். எனக்குத் திரை தெரியவில்லை. அவள் அசையவில்லை. ஒரு நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுந்தாள், நாற்காலி பின்னால் சாய்ந்து தடாலென்று விழுந்தது. அதைத் தூக்கக்கூட இல்லை.

"பாப்பா! எழுபத்தொண்ணு! எழுபத்தொண்ணு பாப்பா!"

அறை அதிர்ந்தது. இன்னும் எழுதிக்கொண்டிருந்த மூன்று பேர் திடுக்கிட்டுத் திரும்பினார்கள். மேற்பார்வையாளர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு ஓடிவந்தார். "அம்மா, இது பரீட்சை அறை. சத்தம் போடக் கூடாது."

அண்ணி அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, முகம் முழுக்கச் சிரிப்பு.

"மன்னிச்சுக்கங்க சார். யாராவது என்ன படிச்சிருக்கன்னு கேட்டா, பதினாறு வருஷமா வாய மூடிட்டு இருந்தேன். இன்னிக்கு மட்டும் முடியாது."

அவர் விரலை உதட்டிலிருந்து எடுத்துவிட்டார். அண்ணி மேஜைக்கு இந்தப் பக்கம் வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, அந்த எண்ணை இன்னொரு முறை சத்தமாகச் சொன்னாள்.